கடல் பக்கத்துக் கோல்

ஜனவரி 10, சனி

வலி: பத்துக்கு ஏழு.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கும் பெண் இந்த டைரியைக் கொடுத்து, தினமும் வலியை மட்டும் குறித்துக்கொண்டு வரச் சொன்னாள். ஒரு டைரி நிறைய வலியை மட்டும் எழுத நான் என்ன கிறுக்கனா? மற்றதையும் எழுதுவேன். வேண்டாததை அவள் படிக்காமல் விடட்டும்.

பெயர் பெல்லார்மின். மேலத்துறை விடிவெள்ளி கால்பந்துக் குழுவின் கேப்டன், கோல்கீப்பர். எங்கள் கோலில் இத்தனை வருடமாக இன்னொருவன் நின்றதில்லை. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு பயிற்சி ஆட்டத்தில் பந்துக்குப் பாய்ந்தபோது முட்டி கம்பத்தில் மோதியது. முட்டிச் சிப்பி உடைந்தது, உள்ளே தசைநாரும் அறுந்தது. பந்தைப் பிடித்துவிட்டேன், அதையும் எழுதிவைக்கிறேன்.

நேற்று வீட்டுக்கு வந்தாயிற்று. கீழே அண்ணன் குடும்பம், மாடியில் நானும் ஷைனியும். படிக்கட்டு வெளிப்புறம், செங்குத்து, கைப்பிடி கிடையாது. வீடு கட்டிய நாளிலிருந்து கைப்பிடி வையுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் ஷைனி. நேற்று அவள் படிக்கட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், அதுவே போதும். பையன்கள் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுவந்து வைத்தார்கள். முட்டி மடங்கும்வரை இறங்கக் கூடாதாம்.

கிளம்பும்போது டாக்டர் ஷைனியை வெளியே கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் பேசினார்.

“என்ன சொன்னாவ?” என்று கேட்டேன்.

“ரெஸ்ட் எடுக்கணுமாம்.”

அதைச் சொல்ல அவ்வளவு நேரம் ஆகாது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொன்னேன். அங்கிருந்து கோயில் மைதானம் தெரிகிறது. மைதானம் என்றால் பாதி மைதானம். வலைக் கொட்டகையின் தகரக் கூரை நடுவில் வந்து மறைக்கிறது. கடல் பக்கத்துக் கோல் முழுசாகத் தெரியும். கோயில் பக்கத்துக் கோல் சுத்தமாகத் தெரியாது.

இந்த வருடம் தென்கரைக் கோப்பை எங்கள் மைதானத்தில் நடக்கிறது. ஆளுக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ். பாதி ஆட்டம் முடிந்ததும் பக்கம் மாறுவார்கள். ஆக, எங்கள் கோலை ஒரு பாதியில் பார்ப்பேன், மறு பாதியில் மைக்கில் கேட்பேன். மைக்கில் பேசுகிறவனுக்குப் பந்து எங்கே இருக்கிறது என்று சொல்வதைத் தவிர மற்ற எல்லாம் தெரியும்.

ஜனவரி 14, புதன்

கோலுக்கு ஆள் பார்த்துவிட்டார்கள். அஜின். ஷைனியின் தம்பி, என் மைத்துனன். எங்கள் தலைவர் கிளீட்டஸ் அண்ணனின் போட்டில்தான் அவனும் கடல் தொழிலுக்குப் போகிறான். இதுவரை பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்ததுதான் அவன் ஆடிய ஆட்டம்.

சாயங்காலம் மேலே வந்து கால்மாட்டில் நின்றான்.

“அத்தான், உங்க கிளவுஸு இருக்குல்லா... கொச்சியில வாங்கினது. அதத் தரியளா?”

“துவைச்சுப் போட்டிருக்கு. பழசு ஒண்ணு அலமாரி மேல கெடக்கு, எடுத்துக்கோ.”

எடுத்துக்கொண்டான். பழையதில் ஒரு விரல் கிழிந்திருக்கிறது, ஊசி நூல் போட்டால் சரியாகிவிடும். புதியது என் தலையணைக்கு அடியில் இருந்தது. ஈரமாக இருந்தது என்று வைத்துக்கொள்வோம்.

ஜனவரி 18, ஞாயிறு

முதல் ஆட்டம். 2-0, ஜெயித்தோம்.

முதல் பாதியில் அஜின் கடல் பக்கம் நின்றான். முழுசாகப் பார்த்தேன். கோட்டை ஒட்டி நிற்கிறான், முன்னால் வர பயம். கத்திச் சொன்னேன், காற்றில் கேட்டிருக்காது. இரண்டாம் பாதியில் அவன் கூரைக்குப் பின்னால் போய்விட்டான். ஊர் மூன்று தடவை எழுந்து கத்தியது. எதற்கென்று தெரியாமல் கட்டிலில் கிடப்பது பெரிய அவஸ்தை.

ஆட்டம் முடிந்ததும் குளிக்காமல், மணலோடு மாடிக்கு வந்தான். ஷைனி துடைத்து வைத்திருந்த தரை போயிற்று.

“ரெண்டாம் பாதியில என்னடே நடந்துது?”

“ஒண்ணும் இல்ல அத்தான். பந்து எம் பக்கமே வரல. பிரான்சிஸும் மத்தவனுவளும் முன்னாலயே வெட்டி விட்டுட்டானுவ. நான் சும்மா நின்னேன்.”

அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். நிம்மதியாக இருந்தது. தடுப்பாட்டம் நான் பழக்கியது.

ஜனவரி 19, திங்கள்

வலி: ஐந்து. குழம்பில் புளி அதிகம்.

பிப்ரவரி 1, ஞாயிறு

3-1. காலிறுதி. விடிவெள்ளி இதுவரை காலிறுதியைப் பார்த்ததில்லை. கோயில் வாசலில் வெடி, பாயசம். எங்கள் படிக்கட்டில் மேலும் கீழும் ஆள் நடமாட்டம். எனக்கும் ஒரு டம்ளர் பாயசம் வந்தது. நோயாளிக்குக் கொடுப்பதுபோலக் கொடுத்தார்கள்.

அஜின் வந்து மறு பாதியைச் சொன்னான். வழக்கம்போல ஒன்றும் இல்லையாம். ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியதாம், அதிர்ஷ்டமாம்.

அவன் வந்து சொல்லும் அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு மைதானம் முழுசாக இருக்கிறது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

பிப்ரவரி 14, சனி

நாளை காலிறுதி. அஜின் ஆட்டத்துக்கு முந்தின நாளே வந்தான். ஷைனி கீழே துணி துவைக்கப் போயிருந்தாள். ஏழு பேர் ஜெர்சியும் எங்கள் வீட்டில்தான் துவைக்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்து கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“அத்தான், எனக்குப் பயமா இருக்கு. யாருட்டயும் சொல்லல. கோல்ல நின்னா பந்து எம் பக்கம் வரக் கூடாதுண்ணு வேண்டுகேன்.”

“எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்துது” என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். “தண்ணி நெறைய குடி” என்றேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

1-1. பெனால்டி. அதைக் கோயில் பக்கத்துக் கோலில் வைத்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. மைக்குக்காரன் “ஆண்டவரே, ஆண்டவரே” என்று மட்டும் சொன்னான். பிறகு ஊர் முழுக்க ஒரே சத்தம். அஜினைத் தோளில் தூக்கிக்கொண்டு கூரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார்கள். ஷைனி படிக்கட்டின் உச்சியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் ஆடிய காலத்தில் அவள் மைதானத்துப் பக்கம் வந்ததில்லை.

“எத்தன எடுத்தே?” என்று கேட்டேன்.

“ரெண்டு. ஒருத்தன் நேர எங் கையிலயே அடிச்சான் அத்தான். இன்னொருத்தன் காலு வழுக்கிட்டு. நான் ஒண்ணும் செய்யல.”

வலி: எட்டு. உட்கார்ந்தே இருந்ததால் இருக்கும்.

பிப்ரவரி 18, புதன்

சாம்பல் புதன். ஷைனி கோயிலிலிருந்து சாம்பலை ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து என் நெற்றியில் போட்டாள்.

மத்தியானம் கிளீட்டஸ் அண்ணன் வந்தார். நாற்காலி கிறீச்சிட்டது.

“லே மக்கா, அரையிறுதியில எதிராளிக்காரனுவ வெளியூர் ஆளு எறக்குகானுவளாம். நம்மளும் மலப்புரத்துலயிருந்து மூணு பேரக் கொண்டு வரலாமாண்ணு பாக்கேன். முன்னால ஒருத்தன், பின்னால ஒருத்தன். மூணாமத்தவன எங்க போடணும்? நீ கேப்டன், நீ சொல்லு.”

நான் யோசித்தேன். குழுவின் நன்மை ஒன்றைத் தவிர வேறு எதையும் யோசிக்கவில்லை.

“கோலுக்குக் கொண்டாங்க.”

“எடே, அஜின் நல்லாத்தானே நிக்கான்? அந்தப் பெனால்டி பாத்தியா? மூலைக்குப் பறந்து போயி விரல் நுனியில தட்டினான். இந்த ஊருல அப்படி ஒண்ணு நான் பாத்ததில்ல கேட்டியா.”

“கையிலயே அடிச்சதாட்டுல்லா அவன் சொன்னான்.”

“அப்படியா சொன்னான்?” என்று சிரித்தார்.

“அண்ணே, அவனுக்குப் பயம். எங்கிட்ட அவனே சொன்னான். கோல்ல நின்னா பந்து வரக் கூடாதுண்ணு வேண்டுகானாம். அரையிறுதியில அவன் பந்த விட்டுட்டாண்ணா ஊரு அவனத்தான் திட்டும். என் மச்சினன் பாருங்க, அதுக்காகச் சொல்லுகேன்.”

கிளீட்டஸ் அண்ணன் தாடையைச் சொறிந்தார். “நீ சொன்னா சரி” என்று எழுந்துவிட்டார். சொந்த மைத்துனனைப் பற்றி ஒருவன் இப்படிச் சொன்னால் அதில் யார் குறை காண்பார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது, அது கணக்குப் போல எளிது. வெளியூர் ஆள் சீசன் முடிந்ததும் பஸ் ஏறிப் போய்விடுவான். அடுத்த வருடம் கோல் காலியாக இருக்கும். உள்ளூர்க்காரன் அப்படிப் போகமாட்டான். இதைக் கிளீட்டஸ் அண்ணனிடம் சொல்ல வேண்டிய தேவை வரவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

அஜின் வந்தான். இன்று ஆட்டம் இல்லை, சொல்லவும் ஒன்றும் இல்லை. ஷைனி வைத்த மரவள்ளிக் கிழங்கையும் மீனையும் சாப்பிட்டான்.

“க்ளீட்டஸண்ணன் சொன்னாவ அத்தான். கோலுக்கு நௌஷாத்துண்ணு ஒருத்தன் வாறானாம். நான் வெளிய இரிக்கணுமாம்.”

“குழுவுக்காகத்தானே” என்றேன்.

“ஆமா. நல்ல ஆளாம்.” பழைய கையுறையைக் கட்டிலில் வைத்தான். கிழிந்த விரலை வலை நூலால் தைத்திருந்தான். வலை முடிச்சு, சாமானியத்தில் அவிழாது. “எனக்குப் பயம்ணு அவியளுக்கு எப்படித் தெரிஞ்சுதுண்ணு தெரியல” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தான். அவன் என்னைப் பார்க்கவில்லை. நானும் மைதானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

அரையிறுதி. 2-0. இறுதிப் போட்டிக்குப் போய்விட்டோம்! கோப்பை இந்த ஊருக்குத்தான்.

நௌஷாத் நல்ல கீப்பர். தொழிலாகச் செய்கிறவன். கடல் பக்கம் நின்ற பாதியில் ஒரு தப்பும் இல்லை. இன்னொரு பாதியைச் சொல்ல யாரும் மேலே வரவில்லை. குழுவோடு எல்லோரும் பிரியாணி சாப்பிடப் போய்விட்டார்கள். ஷைனியைக் கேட்டேன்.

“நான் பாக்கல. இனி எனக்கு எதுக்கு?” என்றாள்.

மார்ச் 12, வியாழன்

காலையில் கிளீட்டஸ் அண்ணனின் போட்டுக்கு ஆட்கள் கிளம்பினார்கள். கொச்சியில் கட்டியிருக்கும் போட்டு, ஆழ்கடலுக்குப் போனால் ஒரு மாதத்துக்கு மேல் கரை கிடையாது. சீசன் முடியும்வரை குழுவின் பையன்கள் தொழிலுக்குப் போவதில்லை என்று இங்கே ஒரு வழக்கம். வெளியே உட்காரவைக்கப்பட்டவனுக்கு அந்த வழக்கம் எதற்கு? அஜின் போய்விட்டான். அவனோடு பெஞ்சில் இருந்த மற்ற இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கீழே நின்று அக்காவிடம் சொல்லிக்கொண்டான். மேலே வரவில்லை. ஜன்னல் வழியே அவன் முதுகு தெரிந்தது, பிறகு கூரை மறைத்துவிட்டது.

மார்ச் 15, ஞாயிறு

ஒன்றும் இல்லை.

மார்ச் 21, சனி

ஷைனி கீழே இருக்கும்போது படிக்கட்டு வரைக்கும் ஊன்றுகோலோடு போனேன். ஒரு படியில் உட்கார்ந்து, அடுத்த படிக்கு நகர்ந்து, அதற்கு மேல் முடியவில்லை. ஏறவும் முடியவில்லை. வெயிலில் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தெருவில் போனவர்கள் “சுகமா பெல்லா?” என்று கேட்டுக்கொண்டே போனார்கள். சும்மா காற்று வாங்குகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அண்ணன் வந்து தூக்கும்வரை எல்லோருக்கும் சுகம் சுகம் என்று சொன்னேன்.

இந்த அறையில் எத்தனை ஓடு, எந்த ஓட்டில் விரிசல் என்று எனக்குத் தெரியும். பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. அஜின் இருந்தால் ஞாயிற்றுக்கிழமையாவது யாராவது வருவார்கள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஈஸ்டர். ஷைனி என்னோடு அளவாகப் பேசுகிறாள். கிளீட்டஸ் அண்ணனின் மனைவி கோயிலில் அவளிடம் ஏதோ பேசியிருக்கிறாள்.

வலி: நான்கு. முட்டி கொஞ்சம் மடங்குகிறது.

ஏப்ரல் 11, சனி

இன்று இறுதிப் போட்டி நடந்திருக்க வேண்டும்.

விடியும்போது துக்க மணி அடித்தது. லாசர் தாத்தா இறந்துவிட்டார். பழுத்த வயது, யாரும் மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. ஆனால் எங்கள் துறையில் ஒரு சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை போட்டு இறங்காது, மைக் பாடாது, பந்து உருளாது. யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை, யாரும் மீறியதும் இல்லை. அவருடைய மகள் குவைத்திலிருந்து வர வேண்டும், அடக்கம் நாளைக் காலையில். ஆட்டம் நாளைச் சாயங்காலம் என்று முடிவு செய்தார்கள்.

மத்தியானம் கிளீட்டஸ் அண்ணன் தெருவில் நின்று நௌஷாத்திடம் மன்றாடுவது மாடிக்குக் கேட்டது. நௌஷாத்துக்கும் மற்ற இரண்டு பேருக்கும் நாளை அவர்கள் ஊரில் வேறு ஆட்டம், முன்பே வாக்குக் கொடுத்தது.

“சேட்டா, எங்ஙனே நிக்கும்? அவிடேயும் ஆளு காத்திருக்குந்நு” என்றான். அங்கேயும் ஆட்கள் காத்திருக்கும்போது எப்படி நிற்பான், அவன் மேல் தப்பில்லை. சாவுக்கு யாரும் தேதி கேட்டுக்கொண்டு வருவதில்லை. உள்ளூர்ப் பையன்கள் என்றால் துக்க வீட்டுக்குப் போய்விட்டு, மறுநாள் வந்து நின்றிருப்பார்கள்.

சாயங்கால பஸ்ஸில் மூன்று பேரும் போய்விட்டார்கள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

அடக்கம் முடிந்தது. குழுவில் மிச்சம் இருப்பது நான்கு பேர். வெளியே இருந்தவர்கள் நடுக்கடலில். ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் இரண்டு பேரைக் கூட்டி வந்து நிறுத்துகிறார்கள் என்று அண்ணன் சொன்னார். கோலுக்கு?

நான் என் ஜெர்சியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டேன். தலையணைக்கு அடியிலிருந்து புதிய கையுறையை எடுத்து மாட்டினேன். அந்தத் தோல் வாசனை இன்னும் போகவில்லை. கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தேன். பாய வேண்டாம், நின்றால் போதும். எங்கே அடிப்பான் என்று எனக்குத் தெரியும், பாதிப் பந்துகளை நின்ற இடத்திலேயே பிடிக்கலாம். நாற்காலியில் ஏற்றியவர்களால் நாற்காலியில் இறக்க முடியாதா?

படிக்கட்டில் கிளீட்டஸ் அண்ணனின் காலடி கேட்டது. கையுறைப் பட்டைகளைப் பல்லால் இழுத்து இறுக்கியதை வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

வாசலில் நின்று மூச்சு வாங்கினார். என் ஜெர்சியைப் பார்த்தார், கையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

“பெல்லா, அந்தக் கிளவுஸத் தாடே. பிரான்சிஸக் கோல்ல நிறுத்துகேன், ஆறு பேரோட ஆடிக்கிடலாம்.”

கழற்ற நேரம் பிடித்தது. வலது கையைக் கழற்ற இடது கைக்கு வரவில்லை. அவரே பக்கத்தில் வந்து, குழந்தைக்குக் கழற்றுவதுபோல இரண்டையும் உருவி எடுத்துக்கொண்டார். ஷைனி அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் பாதியில் பிரான்சிஸ் கடல் பக்கம் நின்றான். நான்கு கோல் போனதைப் பார்த்தேன். இரண்டாம் பாதியில் மூன்று போனதைக் கேட்டேன். மைக்குக்காரன் கடைசியில் மைக்கை அணைத்துவிட்டான்.

ஏப்ரல் 13, திங்கள்

ஷைனி ஜெர்சிகளைத் துவைக்கவில்லை. மூட்டையாக மூலையில் கிடக்கிறது.

“டாக்டரு அண்ணைக்கே சொன்னாவ” என்றாள், என் பக்கம் திரும்பாமல். “இனி கோல்ல நிக்கவே கூடாதுண்ணு. உங்ககிட்ட எப்படிச் சொல்லுகதுண்ணு நான் நெனைச்சு நெனைச்சு...”

“எனக்குத் தெரியும்” என்றேன்.

“தெரியுமா?” இப்போது திரும்பினாள். “தெரிஞ்சுக்கிட்டேயா அவன வெளிய இருத்துனிய?”



ஏப்ரல் 19, ஞாயிறு

விடிவெள்ளி இனி இல்லை. கோயில் வளாகத்தில் கூடிப் பேசி, ஒருவரை ஒருவர் திட்டிவிட்டுக் கலைந்தார்களாம். பிரான்சிஸும் மற்ற மூன்று பேரும் பக்கத்துத் துறைக்கு ஆடப் போகிறார்கள். கிளீட்டஸ் அண்ணன் இனி போட்டு மட்டும் போதும் என்றாராம். கேப்டனிடம் யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

இறங்கினேன்.

அண்ணன் படிக்கட்டுக்கு இரும்புக் கைப்பிடி வைத்துவிட்டார். ஒவ்வொரு படியாக, ஊன்றுகோலோடு இறங்கினேன். ஷைனி பின்னால் வந்தாள், பிடிக்கவில்லை, ஆனால் வந்தாள். தெருவோடு அவள் நின்றுகொண்டாள்.

மைதானத்தில் ஒருவரும் இல்லை. நேராகக் கோயில் பக்கத்துக் கோலுக்குப் போனேன். இத்தனை நாளும் கண்ணில் படாத கோல். ஒன்றும் விசேஷம் இல்லை. இரண்டு கம்பம், ஒரு குறுக்குக் கம்பம், அதில் யாரோ வலையைக் காயப் போட்டிருந்தார்கள். நடுவில் போய் நின்றேன். கோல் காலியாகத்தான் இருந்தது, நான் நினைத்திருந்தபடியே.

“அத்தான்.”

அஜின். நேற்று கரைக்கு வந்திருக்கிறான். முகம் கறுத்து, தாடி வளர்ந்து ஆளே மாறிவிட்டான். அக்கா வீட்டுக்கு மீன் கொண்டுவந்தவன், என்னைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறான். அவனும் பக்கத்துத் துறைக்கு ஆடப் போகிறானா என்று கேட்டேன்.

“இல்ல அத்தான். பஹ்ரைன் போட்டுக்கு ஆளு எடுக்காவ. அடுத்த மாசம் போறேன்.”

“நான்தான் க்ளீட்டஸண்ணன்கிட்ட...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும்” என்றான். “பயம் இருந்துதுல்லா, அது உண்மைதானே. விடுங்க.”

கொட்டகையோரம் ஒரு பழைய பந்து கிடந்தது, பாதிக் காற்றோடு. “ஒண்ணு அடிடே” என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. அவன் தயங்கினான். பிறகு பந்தை எடுத்து வைத்து, உள்ளங்காலால் மெல்ல என் பக்கம் தள்ளிவிட்டான். நடக்கிற வேகத்தில் வந்தது. என் இடது காலுக்கு ஒரு முழம் தள்ளித்தான். குனிந்தேன். முட்டி மடங்கவில்லை. ஊன்றுகோல் மணலில் சறுக்கியது. கையை நீட்டியபடியே நின்றேன். பந்து என்னைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, கம்பத்துக்கு உள்ளே போய் நின்றது.

அஜின் ஓடிவந்து அதை எடுத்தான்.

“வெளிய போயிட்டு அத்தான்” என்றான். “கம்பத்துக்கு அந்தப் பக்கம். கோல் இல்ல.”

இந்தத் தடவை கூரை மறைக்கவில்லை, நான் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.